சுவடும் சுவடியும்: துகள்களின் தடம் தேடிய வரலாறு

உடையார்பாளையம் என்னும் ஊர்ப்பெயர் தமிழிலக்கிய வாசகர்களுக்குப் பெரும்பாலும் உ.வே.சாமிநாதையரின் வழியாகவே அறிமுகமாகியிருக்கும். அவருடைய தந்தையார் வேங்கடசுப்பையர் இசை பயின்றது உடையார்பாளையம் சமஸ்தான வித்துவானாக விளங்கிய கனம் கிருஷ்ணையரிடம். 1940 முதல் 1942 வரை ஆனந்த விகடனில் தொடராக வெளிவந்த 'என் சரித்திரம்' நூலின் முற்பகுதியில் இவ்வூரும் இதன் அரண்மனையும் இசையும் உயிரோடு உலவுகின்றன. ஏட்டுச் சுவடிகளைத் தேடியெடுத்து, ஒப்புநோக்கி, பிழை களைந்து அச்சேற்றிய அப்பெருமகனாரின் உழைப்பைப் பற்றி நாம் நிறையவே பேசியிருக்கிறோம். அந்த உழைப்பின் ஒரு கூற்றை முன்வைத்து, முற்றிலும் வேறானதாகத் தோன்றும் ஒரு துறையின் வரலாற்றைச் சொல்ல இக்கட்டுரை முயல்கிறது. பருப்பொருளின் அடிப்படைத் துகள்கள் செல்லும் வழியைக் காட்டும் கருவிகளை, குறிப்பாகச் சிலிக்கான் பிக்சல் உணரிகளை, நம்பலாமா என்று சோதித்தறியும் கலையே அது.

சுவடி என்ற சொல்லோடு சுவடு என்ற சொல்லையும் சேர்த்து எண்ணிப் பார்க்க உடையார்பாளையத்தைச் சூழ்ந்த நிலம் நமக்கு நல்ல வாய்ப்பைத் தருகிறது. அரியலூர், பெரம்பலூர்ப் பகுதியின் சுண்ணாம்புப் பாறைகளிலும் காரைப் பகுதியின் களிமண் ஓடைகளிலும் பல கோடி ஆண்டுகளுக்கு முன் இங்கே கடல் இருந்தமைக்கான சான்றுகள் பதிந்து கிடக்கின்றன. 1860களில் ஹென்றி பிளான்ஃபோர்டு என்னும் நிலவியலாளர் இப்பகுதியை அளந்து எழுதினார். இன்றும் உலக நிலவியலாளர்கள் 'அரியலூர்த் தொகுதி' என்றே இங்குள்ள பாறை அடுக்கு ஒன்றைக் குறிப்பிடுகின்றனர். சாத்தனூரில் கிடக்கும் கல்லாய்ச் சமைந்த மரத்தைப் பார்க்காத பெரம்பலூர்ப் பள்ளி மாணவர்கள் குறைவு. கடல் போய்விட்டது, உயிரும் போய்விட்டது. எஞ்சியது சுவடு மட்டுமே. சுவட்டைக் கொண்டு போனதைப் பற்றிப் பேச வேண்டுமாயின், அது எதன் சுவடு, எவ்வாறு பதிந்தது, பின்னர் எவ்வாறு சிதைந்தது என்பனவற்றை முதலில் அறிந்தாக வேண்டும்.

துகள் இயற்பியலாளரின் நிலையும் இதுவே. புரோட்டானையோ எலெக்ட்ரானையோ எவரும் கண்ணால் கண்டதில்லை. கண்டவையெல்லாம் அவை விட்டுச்சென்ற தடங்களே. 1911-இல் இங்கிலாந்தில் சார்லஸ் வில்சன் தம் முகில் அறையில் இத்தடங்களை முதன்முதலாகப் படம் பிடித்தார். ஈரம் செறிந்த காற்றின் ஊடே மின்னூட்டம் பெற்ற துகள் ஒன்று பாயும்போது அதன் வழியெங்கும் நுண்ணிய நீர்த்துளிகள் திரண்டு வெண்கோடாகத் தெரியும். விமானம் மறைந்த பின்னும் வானில் நிற்கும் வெண்கோட்டைப் போன்றது இது. 1927-இல் இதற்காக அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அன்றுமுதல் இன்றுவரை இத்துறையின் வரலாறு என்பது, மேன்மேலும் நுட்பமான சுவடுகளைப் பதியவல்ல பொருள்களைத் தேடிய வரலாறே எனலாம். அந்தப் பொருள் சொல்லும் சாட்சியம் மெய்யா என்று சோதித்த வரலாறும் கூடவே வளர்ந்தது. முன்னதைப் பற்றிய நூல்கள் பல. பின்னதைப் பற்றிப் பேசுவார் குறைவு.

நம் நாட்டில் இவ்வரலாறு ஒரு பெண்ணிடமிருந்து தொடங்குவது பொருத்தமானது. 1913-இல் கல்கத்தாவில் பிறந்த விபா சௌதுரி, தேவேந்திர மோகன் போஸ் அவர்களிடம் ஆய்வு மேற்கொண்டவர். ஒளிப்படத் தகடுகளையே துகள்களைப் பதிவு செய்யும் கருவியாகக் கொண்டு, டார்ஜிலிங், சந்தக்பூ போன்ற இமயமலைப் பகுதிகளில் அத்தகடுகளை மாதக்கணக்கில் வைத்து, விண்ணிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்களின் தடங்களை அவ்விருவரும் ஆராய்ந்தனர். எலெக்ட்ரானைப் போல் சுமார் 200 மடங்கு நிறையுள்ள துகளின் தடங்கள் அவற்றில் இருப்பதைக் கணித்து, 1940 முதல் 1942 வரை 'நேச்சர்' இதழில் கட்டுரைகள் எழுதினர். 'என் சரித்திரம்' தொடராக வந்துகொண்டிருந்த அதே ஆண்டுகள் அவை.

இங்கேதான் கருவியின் தரம் வரலாற்றைத் திசைதிருப்பியது. அவர்களுக்குக் கிடைத்த தகடுகள் உணர்திறன் குறைந்தவை. உலகப்போர்க் காலமாதலால் உயர்தரத் தகடுகளை இங்கிலாந்திலிருந்து வரவழைக்க இயலவில்லை. அத்தகடுகளைக் கொண்டு ஒருவகைத் துகளையும் அதனை ஒத்த இன்னொரு வகைத் துகளையும் ஐயமறப் பிரித்துக் காட்ட முடியவில்லை. போருக்குப் பின் மேம்பட்ட தகடுகளைப் பயன்படுத்திய செசில் பவல் குழுவினர் 1947-இல் பையான் என்னும் துகளையும் அது சிதைந்து மியூவானாவதையும் தெளிவாகக் காட்டினர். 1950-இன் நோபல் பரிசு பவலுக்குக் கிடைத்தது. விபா சௌதுரியின் பெயரோ நெடுங்காலம் மறக்கப்பட்டிருந்தது. 2019-இல் பன்னாட்டு வானியல் ஒன்றியம் ஒரு விண்மீனுக்கு 'விபா' என்று பெயர் சூட்டியபோதுதான் பலர் அவரைத் தேடிப் படித்தனர். அவர் முறையும் சிந்தனையும் சரியாகவே இருந்தன. சாட்சியாக நின்ற தகட்டிற்குத்தான் அவர் கண்டதை முழுமையாகச் சொல்லும் வலிமை இல்லாமற் போயிற்று.

அடுத்த கட்டம் தமிழர்க்கு மிக நெருங்கியது. 1950களின் நடுவில் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் உதகமண்டலத்தில் காஸ்மிக் கதிர் ஆய்வகம் ஒன்றை நிறுவியது. பல உலோகத் தகடுகளைக் கொண்ட மிகப்பெரிய முகில் அறை ஒன்று அங்கே இயங்கியது. அதே நிறுவனத்தார் கோலார் தங்கவயலின் சுரங்கங்களுக்குள்ளும் இறங்கினர். பி.வி.ஸ்ரீகண்டன் முதலியோர் 1950களின் தொடக்கத்திலிருந்தே பூமிக்கடியில் எந்த ஆழத்தில் எத்தனை மியூவான்கள் வருகின்றன என்று எண்ணத் தொடங்கியிருந்தனர். கோலார் தங்கவயல் கர்நாடகத்தில் இருப்பினும், அதன் குடைவறைகளில் உழைத்தோரில் மிகப் பலர் வட ஆர்க்காட்டுப் பகுதியிலிருந்து குடிபெயர்ந்த தமிழர் என்பதை நாம் அறிவோம். பாறையின் வெப்பம் உடல் தாங்காத அளவுக்கு உயரும் அந்த ஆழத்தைப் பொன்னுக்காக அகழ்ந்து வைத்தவர்கள் அவர்கள். அறிவியல் அந்த வழியைப் பின்னர் பயன்படுத்திக்கொண்டது.

கோலாரில் நிகழ்ந்த ஒரு சிறு செய்தி நம் பொருளுக்கு மிக இன்றியமையாதது. 1960களின் தொடக்கத்தில் மிக ஆழமான மட்டம் ஒன்றில் கருவியை வைத்து ஏறத்தாழ இரண்டு மாதங்கள் காத்திருந்தும் ஒரு மியூவான் கூடப் பதிவாகவில்லை. பிறர் இதனைத் தோல்வி என்று கருதியிருக்கக் கூடும். ஆய்வாளர்களோ இதில் ஒரு வாய்ப்பைக் கண்டனர். அவ்வளவு ஆழத்தில் மேலிருந்து வரும் இரைச்சல் முற்றிலும் அடங்கிவிட்டது. கருவியும் தானாகப் பொய்யாக எதையும் சொல்லவில்லை. அப்படியாயின் அங்கே பக்கவாட்டிலிருந்து ஒரு தடம் வந்தால், அது பாறையை ஊடுருவி வந்த நியூட்ரினோவின் வேலையாகத்தான் இருக்க முடியும். அமைதியே கருவியின் நாணயத்திற்குச் சான்றாயிற்று.

இந்த நம்பிக்கையின் மீது எழுந்ததுதான் 1965-ஆம் ஆண்டின் சோதனை. டாடா நிறுவனமும், ஜப்பானின் ஒசாகா நகரப் பல்கலைக்கழகமும், இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகமும் சேர்ந்து, சுமார் 2.3 கிலோமீட்டர் ஆழத்தில் ஒளிர்வான்களையும் நியான் மின்னொளிக் குழாய்களையும் சுவர்போல் நிறுத்தின. இயற்கையாக வளிமண்டலத்தில் தோன்றும் நியூட்ரினோக்களின் விளைவான தடங்கள் அவற்றில் பதிவாயின. 1965 ஆகஸ்டில் இம்முடிவு வெளியாயிற்று. தென்னாப்பிரிக்கச் சுரங்கம் ஒன்றில் பிரெடெரிக் ரைன்ஸ் குழுவினர் தம் முதல் பதிவை அதே ஆண்டு பிப்ரவரியிலேயே பெற்றிருந்தனர். ஆயினும் அவர்களது கட்டுரை கோலார்க் கட்டுரைக்குச் சுமார் இரண்டு வாரங்கள் பின்னரே அச்சேறியது. யார் முதல் என்ற கேள்விக்கு இரு விடைகளும் உண்டு என்பதே நேர்மை.

கோலாரின் இன்னொரு அத்தியாயத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். புரோட்டான் என்றேனும் சிதையுமா என்ற பெருங்கேள்விக்கு விடை காண, 1980-இன் இறுதியில் அதே சுரங்கத்தில் சுமார் 140 டன் எடையுள்ள ஒரு கருவி இயங்கத் தொடங்கியது. 1600-க்கு அண்மையான எண்ணிக்கையில் வாயு நிரப்பிய இரும்புக் குழாய்களே அதன் புலன்கள். புரோட்டான் சிதைவாக இருக்கலாம் என்று கருதத்தக்க சில பதிவுகள் கிடைத்திருப்பதாக அக்குழுவினர் அறிவித்தபோது உலகமே கோலாரைத் திரும்பிப் பார்த்தது. ஆனால் அமெரிக்காவிலும் ஜப்பானிலும் அதனினும் பன்மடங்கு பெரிய நீர்த்தொட்டிக் கருவிகள் இயங்கியபோது அவற்றில் அத்தகைய சிதைவு எதுவும் தென்படவில்லை. இன்று ஜப்பானின் சூப்பர் காமியோகாண்டே தரும் எல்லையின்படி, சில வகைச் சிதைவுகளுக்குப் புரோட்டானின் ஆயுள், 1-க்குப் பின் 34 சுழியங்கள் இட்டால் வரும் ஆண்டுகளுக்கும் மேற்பட்டது. ஒரே ஒரு சுவடியில் மட்டும் காணப்படும் அரிய பாடம் பிற சுவடிகளில் இல்லாவிடில், பதிப்பாசிரியர் அதனை மூலத்தில் ஏற்றாமல் அடிக்குறிப்பில் நிறுத்துவார் அல்லவா? கோலாரின் புரோட்டான் பதிவுகளும் அறிவியலின் அடிக்குறிப்பாகவே நின்றுவிட்டன. அதனால் அவ்வாய்வாளர்களின் பெருமை குறைவதில்லை. எதைக் கண்டோமோ அதனைப் பிறர் சோதிக்குமாறு திறந்து வைத்தார்கள் என்பதே பெருமை. 1990களின் தொடக்கத்தில் அந்த ஆய்வகம் மூடப்பட்டது; 2001-இல் சுரங்கமே மூடப்பட்டது.

இதற்கிடையே உலகின் பெரிய துகள் முடுக்கிக் கூடங்களில் வேறொரு தேவை எழுந்திருந்தது. சில துகள்கள் தோன்றிய கணத்திலேயே சிதைந்துவிடும். ஒரு விநாடியை ஒரு லட்சம் கோடிப் பங்காக்கினால் அதில் ஓரிரு பங்கே அவற்றின் ஆயுள். அதற்குள் அவை கடக்கும் தூரம் சில மில்லிமீட்டர். சிலபோது அதனினும் குறைவு. அவ்வளவு சிறிய இடைவெளியில் ஒரு தடம் முடிந்து வேறு தடங்கள் கிளைப்பதைப் பிரித்தறிய வேண்டுமாயின், முடியின் தடிப்பினும் நுண்ணிய அளவில் இடத்தைச் சொல்லும் சாட்சி தேவை. முகில் அறையும் வாயுக் குழாயும் அதற்குப் போதா. கணிப்பொறிச் சில்லுகளைச் செய்யும் சிலிக்கான்தான் விடையாயிற்று. 1980-இல் மியூனிக்கில் ஜோசப் கெம்மர், சில்லுத் தொழிற்சாலையின் முறைகளைக் கொண்டே துகளுணரிகளைச் செய்யலாம் என்று காட்டினார். அடுத்த சில ஆண்டுகளில் ஜெனீவாவை அடுத்த செர்ன் ஆய்வகத்தில், மெல்லிய பட்டைகளாகக் கோடிடப்பட்ட சிலிக்கான் உணரிகள் குறுவாழ்வுத் துகள்களின் தடங்களைப் பதிவு செய்தன. 1990களில் பட்டைகளுக்கு அடுத்த நிலையாகச் சதுரச் சதுரமாகக் கட்டமிட்ட பிக்சல் உணரிகள் செயலுக்கு வந்தன.

இது வேலை செய்யும் விதம் எளியதே. தூய சிலிக்கான் படிகத்தின் மெல்லிய தகட்டில் மின்னழுத்தம் கொடுத்து, தாமாக நகரும் மின்னூட்டங்களையெல்லாம் வெளியேற்றிவிடுவர். பெருக்கித் துடைத்த முற்றம்போல் அது காலியாக நிற்கும். அதன் வழியே ஒரு துகள் பாயும்போது படிகத்தினுள் எலெக்ட்ரான்கள் விடுபடும். 300 மைக்ரான் தடிப்புள்ள தகட்டில் ஏறத்தாழ 22,000 எலெக்ட்ரான்கள் இவ்வாறு கிளம்பும். மின்னழுத்தம் அவற்றை அருகிலுள்ள கட்டத்திற்கு இழுத்துச் செல்லும். எந்தக் கட்டம் மின்துடிப்பு தந்ததோ அவ்வழியே துகள் சென்றது என்பது பொருள். இத்தகைய பல அடுக்குகளை ஒன்றன்மேல் ஒன்றாகச் சுற்றி நிறுத்தினால், புள்ளிகளைச் சேர்த்துத் தடத்தை வரைந்துவிடலாம். செர்னின் பெருமோதலியில் உள்ள சி.எம்.எஸ். என்னும் கருவியில் முதலில் 6.6 கோடிப் பிக்சல்கள் இருந்தன. 2017-இல் அதனை மாற்றி 12.4 கோடிப் பிக்சல்கள் கொண்ட புதிய தொகுதியைப் பொருத்தினர். ஒவ்வொரு கட்டமும் 100 மைக்ரான் அகலமும் 150 மைக்ரான் நீளமும் உடையது. ஆலிஸ் என்னும் இன்னொரு கருவியில் 2021-இல் பொருத்தப்பட்ட தொகுதியிலோ 1250 கோடிப் பிக்சல்கள்.

இத்தனை கோடிச் சாட்சிகளுள் எது மெய் சொல்கிறது, எது பொய் சொல்கிறது? இக்கேள்விதான் சோதனைக்கூடத்தின் நாள்தோறுமான பணி. ஏட்டுச் சுவடியோடு பழகியவர்களுக்கு இது புதிதன்று. ஏட்டில் புள்ளி இராது. எகரமும் ஏகாரமும் ஒரே வடிவில் நிற்கும். காலும் ரகரமும் மயங்கும். படியெடுத்தவர் சிலவிடத்து ஓர் அடியை விட்டிருப்பார். சிலவிடத்துத் தாமாக ஒன்றைச் சேர்த்திருப்பார். முன்னது விடுபாடு, பின்னது இடைச்செருகல். பிக்சல் உணரியின் குற்றங்களும் இவ்விரு வகையுள் அடங்கிவிடும். துகள் சென்றும் வாய் திறவாத கட்டத்தைச் 'செத்த பிக்சல்' என்பர். துகளே செல்லாதபோதும் ஓயாமல் குரல் கொடுக்கும் கட்டத்தை 'இரைச்சல் பிக்சல்' என்பர். ஒன்று உண்மையை மறைக்கிறது, மற்றது பொய்யைப் பெருக்குகிறது. ஆய்வாளர் அஞ்சுவது பின்னதற்கே அதிகம் எனலாம். ஏனெனில் விடுபட்டது இடைவெளியாகக் கண்ணில் படும். செருகப்பட்டதோ மூலத்தின் உருவிலேயே நிற்கும்.

சோதனையின் முதற்படி இருட்டறையில் நடைபெறுகிறது. சிலிக்கானின் மேல் ஒளி பட்டாலும் எலெக்ட்ரான்கள் கிளம்பும் ஆதலால், ஒளி புகாத பெட்டிக்குள் உணரியை வைத்து மின்னழுத்தத்தைப் படிப்படியாக உயர்த்துவர். யாதொரு துகளும் வராதபோது ஒழுகும் சிறு மின்னோட்டத்தைக் கசிவு மின்னோட்டம் என்பர். நல்ல உணரியில் அது மிகக் குறைவாகவும் சீராகவும் இருக்கும். திடீரென அது எகிறினால் தகட்டில் கீறலோ தூசியோ வார்ப்புக் குறையோ இருப்பது தெரியவரும். அடுத்து, எவ்வளவு மின்னழுத்தத்தில் தகடு முழுமையாகத் துடைக்கப்பட்ட முற்றம் ஆகிறது என்பதை அதன் மின்தேக்கு திறனைக் கொண்டு அளப்பர். இவ்விரண்டும் தேறிய உணரியே அடுத்த படிக்குச் செல்லும்.

இரண்டாம் படியில் உணரிக்குத் தெரிந்த பாடத்தைப் படிக்கக் கொடுக்கின்றனர். இரும்பு-55 என்னும் கதிரியக்கப் பொருள் வெளியிடும் எக்ஸ் கதிரின் ஆற்றல் துல்லியமாக அறியப்பட்டது. அது சிலிக்கானில் சுமார் 1600 எலெக்ட்ரான்களை விடுவிக்கும். உணரி இதனை எவ்வளவாகக் காட்டுகிறது என்று பார்த்து அதன் அளவுகோலைச் சரிசெய்வர். ஒவ்வொரு பிக்சலும் எந்த அளவுக்கு மேல் வந்தால் 'கண்டேன்' என்று சொல்ல வேண்டும் என்ற வாயில் அளவையும் இப்போதுதான் நிறுவுகின்றனர். வாயிலைத் தாழ்த்தினால் இரைச்சலும் உள்ளே புகும்; உயர்த்தினால் மெய்யான துகளும் வெளியே நின்றுவிடும். பாடவேறுபாடுகளை ஆராய்பவர் ஓயாமல் எதிர்கொள்ளும் சிக்கலும் இதுவே. எல்லாவற்றையும் ஏற்பவரும் பிழை செய்வர். எல்லாவற்றையும் ஐயுறுபவரும் பிழை செய்வர்.

மூன்றாம் படியே இக்கலையின் உச்சம். செர்னிலும் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரத்து டெசி ஆய்வகத்திலும் இதற்கெனவே துகள் கற்றைகள் ஒதுக்கப்பட்டிருக்கின்றன. ஏற்கெனவே நன்கு சோதிக்கப்பட்ட பிக்சல் தளங்கள் ஆறினை வரிசையாக நிறுத்துவர். இவ்வமைப்பிற்குத் தொலைநோக்கி என்று பெயர்; ஆனால் இது நோக்குவது விண்மீனையன்று, தன்னூடே பாயும் துகளை. மூன்று தளங்களுக்குப் பின்னும் மூன்று தளங்களுக்கு முன்னுமாக, நடுவில், புதிய உணரியை வைப்பர். கற்றையிலிருந்து வரும் ஒவ்வொரு துகளின் பாதையையும் ஆறு தளங்களும் சில மைக்ரான் நுட்பத்தில் வரைந்துவிடும். அப்பாதை நடுவிலுள்ள உணரியை எந்த இடத்தில் துளைத்திருக்க வேண்டும் என்பது இப்போது கணக்காகத் தெரியும். அதன் பின்னரே புதியதைக் கேட்கின்றனர்: நீ என்ன கண்டாய்? நூறு துகள்கள் சென்றால் எத்தனையைச் சொல்கிறது, சொல்லும் இடம் எவ்வளவு பிசகுகிறது, கட்டத்தின் ஓரங்களில் தடுமாறுகிறதா என்பனவெல்லாம் இதனால் வெளியாகும்.

பழைய உரையாசிரியர்கள் தம் உரைகளில் பிற நூற் செய்யுள்களை மேற்கோளாக எடுத்தாண்டிருப்பதை நாம் அறிவோம். ஒரு நூலின் ஏட்டுப்பிரதி புதிதாகக் கிடைக்கும்போது, மேற்கோள் வழியே முன்னரே அறிந்த செய்யுளை அது எவ்வாறு தருகிறது என்று பார்ப்பது பதிப்பாசிரியர் வழக்கம். அறிந்ததை ஒழுங்காகச் சொல்லும் ஏடு, அறியாததைச் சொல்லும்போதும் நம்பத்தக்கது. 1887-இல் வெளிவந்த சீவக சிந்தாமணிப் பதிப்பு முதலாக, உ.வே.சா. ஒரு நூலுக்கு ஒரே சுவடியோடு அமையாமல் பிரதிகள் பலவற்றைத் தேடி அலைந்ததன் பொருளும் இதுவே. துகள் கற்றைக் கூடத்தில் இன்று நடைபெறுவதற்கும் இதற்கும் முறையில் உறவு உண்டு. ஒரே ஒரு வேறுபாடு: ஏடு எழுதப்பட்டுப் பல தலைமுறைகளுக்குப் பின் நாம் அதனைச் சோதிக்கிறோம், சிலிக்கானையோ அது எழுதத் தொடங்குமுன்பே சோதித்துவிடலாம்.

எழுதத் தொடங்கிய பின்னும் சோதனை ஓய்வதில்லை. செல்லரிப்பது ஏட்டிற்கு மட்டும் உரியதன்று. மோதல் நிகழும் இடத்திற்குச் சில சென்டிமீட்டர் தொலைவில் நிற்கும் உணரியைத் துகள் மழையே அரிக்கிறது. படிகத்தின் அணுக்கள் இடம் பெயர்கின்றன. கசிவு மின்னோட்டம் ஏறுகிறது. விடுபட்ட எலெக்ட்ரான்கள் வழியிலேயே சிக்கிக்கொள்கின்றன. ஆகவே புதிய உணரிகளின் மாதிரிகளை அணு உலையிலோ புரோட்டான் கற்றையிலோ வைத்து, பல்லாண்டுச் சேதத்தைக் குறுகிய காலத்தில் ஏற்றி, மீண்டும் துகள் கற்றையில் நிறுத்திக் கேள்வி கேட்கின்றனர். ஸ்லோவேனியாவின் லியூப்லியானா நகரிலுள்ள ஆய்வு உலை இதற்குப் பெயர்பெற்றது. செர்னின் பெருமோதலியை மேம்படுத்தும் அடுத்த கட்டத்திற்கான உள்ளடுக்கு உணரிகள், ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும், 1-க்குப் பின் 16 சுழியங்கள் இட்ட எண்ணிக்கையில் துகள்கள் தாக்கிய பின்னும் மெய் சொல்ல வேண்டும் என்பது நிபந்தனை. சேதமுற்ற சிலிக்கானைக் குளிரிலேயே வைத்திருக்க வேண்டும். வெப்பத்தில் நெடுநாள் விட்டால் சேதம் முற்றும். ஓலையைப் புகையூட்டியும் எண்ணெய் பூசியும் காத்த நம் முன்னோர்க்கு இக்கவலை எளிதில் விளங்கியிருக்கும்.

இப்பணியில் நம் நாட்டிற்கும் இடம் உண்டு. சி.எம்.எஸ். கருவியின் ஒரு பகுதிக்கு, 63 மில்லிமீட்டர் சதுரமும் 32 பட்டைகளும் கொண்ட சிலிக்கான் உணரிகள் ஏறத்தாழ 1000-ஐ பாபா அணு ஆராய்ச்சி மையமும் பெங்களூருவின் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனமும் சேர்ந்து உருவாக்கிச் சோதித்து அனுப்பின. ஜப்பானின் பெல்-2 கருவியில் இரண்டடுக்குப் பிக்சல்களைச் சூழ்ந்து நான்கு அடுக்குப் பட்டை உணரிகள் நிற்கின்றன. அவற்றுள், பிக்சல்களையும் சேர்த்து எண்ணினால் நான்காவதாக வரும் அடுக்கைப் பூட்டிச் சோதித்த பொறுப்பு டாடா நிறுவனத்தாருடையது. 2018 நவம்பரில் அது உரிய இடத்தில் நிறுத்தப்பட்டது. 2019 முதல் பதிவுகள் தருகிறது. சென்னை ஐ.ஐ.டி. இவ்விரு கூட்டு முயற்சிகளிலும் உறுப்பு நிறுவனம். உதகமண்டலத்திலோ, கோலாரில் பழகிய அதே வகை இரும்புக் குழாய்கள் 3712-ஐ அடுக்கிய கிரேப்ஸ்-3 கருவி இன்றும் மியூவான்களை எண்ணுகிறது. 2014 டிசம்பரில் அதன் தலைக்கு மேல் சென்ற இடிமேகம் ஒன்றின் மின்னழுத்தம் 130 கோடி வோல்ட் என்று அது கணித்துச் சொன்னதை 2019-இல் உலகம் படித்தது. ஆண்டுக்கணக்கில் ஒவ்வொரு குழாயும் எவ்வாறு நடந்துகொள்கிறது என்று கணக்கு வைத்திருந்தமையாலேயே, மேகம் கடந்த சில நிமிடங்களின் சிறு மாற்றத்தை அவர்களால் நம்ப முடிந்தது.

இவ்வளவையும் இலக்கிய வாசகர்களிடம் சொல்வதற்கு ஒரு காரணம் இருக்கிறது. 2004 ஜூன் மாதம் செர்ன் வளாகத்தில் இந்திய அரசின் அன்பளிப்பாக நடராசர் திருவுருவம் நிறுவப்பட்டது. கங்கைகொண்ட சோழபுரத்தின் நிழலில் வாழும் உடையார்பாளையத்தார்க்கு அது பெருமிதமான செய்தியே. ஆனால் அச்சிலையைச் சுட்டி, துகள் இயற்பியல் முழுவதும் நம் முன்னோர் கண்டு சொன்னதே என்று மேடைகளிலும் இதழ்களிலும் முழங்குவது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. பழம்பாடல் ஒன்றில் 'அணு' என்ற சொல் வந்துவிட்டால் போதும், அணுக்கரு அறிவியலுக்கு அதுவே சான்றாகிவிடுகிறது. அச்சொல் அங்கே எப்பொருளில் நிற்கிறது, உரைகாரர் என்ன கொண்டனர், பிற இடங்களில் அதே புலவர் எவ்வாறு ஆள்கிறார் என்ற வினாக்கள் எழுவதில்லை. இரைச்சல் பிக்சலைத் துகளாக எண்ணுவதற்கும் இதற்கும் வேறுபாடு காண்பது அரிது.

நம் மரபில் அறிவியலுக்கு மெய்யாகவே உறவுடைய பகுதி ஒன்று உண்டு. அது முழக்கத்தில் இல்லை. பிரதிகளை அடுக்கி வைத்துக்கொண்டு ஓர் எழுத்திற்காக இரவெல்லாம் விழித்திருந்த பதிப்பாசிரியர்களின் ஐயத்தில் இருக்கிறது. தமக்கு இனிமையான பாடத்தைத் தள்ளிவிட்டு, சான்று மிகுந்த பாடத்தை ஏற்ற அவர்களுடைய மனவலிமைதான், இருட்டறையில் ஒரு சிலிக்கான் தகட்டின் முன் அமர்ந்து அதன் கசிவைக் குறித்துக்கொள்ளும் இளம் ஆய்வாளரிடமும் வேண்டப்படுகிறது. அவ்வாய்வாளரின் பெயர் எந்தக் கண்டுபிடிப்பின் தலைப்பிலும் தனித்துத் தெரியாது. 2012 ஜூலையில் ஹிக்ஸ் துகளைக் கண்டோம் என்று செர்ன் அறிவித்தபோது அவ்வறிவிப்பைத் தாங்கி நின்றவை அவரைப் போன்றோர் பலர் முன்னரே சோதித்துத் தேர்ந்த கோடிக்கணக்கான சாட்சிகள். விபா சௌதுரிக்கு வாய்க்காதது அத்தகைய சாட்சியே என்பதை எண்ணும்போது, சோதிப்பவரின் கைவேலை எவ்வளவு பெரியது என்பது நமக்குப் புலப்படும்.

உடையார்பாளையம் பகுதி மாணவர்கள் இயற்பியல் படிக்கச் செல்லும்போது, இங்கே கற்ற தமிழ் அங்கே பயன்படாது என்று எண்ண வேண்டியதில்லை. பாடவேறுபாட்டை நோக்கத் தெரிந்த கண்ணுக்குத் துகளின் தடமும் அயலானதன்று. சுவடியாயினும் சுவடாயினும், அது சொல்வதைக் கேட்குமுன் அதனைச் சோதிப்பவரே கற்றவர்.